இரண்டு பேர் நடக்கிற அகலம்

பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் நானும் இவரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க வழியில்லை. கம்மசந்திரா ரோட்டில் கால் வைத்ததுமே இவர் முன்னால் போய்விடுவார், நான் பின்னால். நடைபாதை இருக்கிற இடத்தில் இளநீர் வண்டி நிற்கும். இல்லாத இடத்தில் ஜல்லி கொட்டிக் கிடக்கும். பின்னாலிருந்து ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கும், எதிரே தண்ணீர் டேங்கர் சொட்டிக்கொண்டே வரும். இவர் திரும்பிப் பார்க்காமலே "பள்ளம்", "கம்பி", "சாக்கடைக்கு மூடி இல்ல" என்று சொல்லிக்கொண்டே போவார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் நடப்பேன். முப்பது வருஷமாக இவருடைய முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சட்டைக் காலரில் எந்த இடம் முதலில் நையும் என்று எனக்குத் தெரியும்.

2023 அக்டோபர் கடைசியில் நான்கு நாள் மட்டும் இது மாறியது. ஜப்பானில் மலைகளுக்கு நடுவே ஹிடா ஃபுருகவா என்று ஒரு சின்ன ஊர். அங்கே நாங்கள் தோளோடு தோள் ஒட்டி நடந்தோம். திரும்பி வந்து இவ்வளவு நாளாகியும் அந்த நடை என்னை விடவில்லை.

மகன் நகோயாவில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறான். அவனைப் பார்க்கத்தான் போனோம். முதல் வாரம் லீவு போட்டு எங்களோடு சுற்றினான். இரண்டாவது வாரம் அவனுக்கு வேலை. "நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது நாலு நாள் போய்ட்டு வாங்கம்மா. நான் வரல" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மொழி தெரியாத ஊர் என்பது ஒரு பயம். இன்னொரு பயத்தை அவனிடம் சொல்ல முடியாது. எங்களுக்கு 1992-ல் அரூரில் கல்யாணம். மூன்றாம் நாளே இவர் பொம்மசந்திராவில் டியூட்டிக்குத் திரும்பிவிட்டார். அதற்கப்புறம் ஒரே ஒருமுறை ஒகேனக்கல் போனோம், மாமியாரும் நாத்தனாரின் இரண்டு பிள்ளைகளும் கூட வந்தார்கள். இவரும் நானும் மட்டுமாக ஓர் ஊருக்குப் போனதே இல்லை. நான்கு நாள் இந்த மனிதரோடு என்ன பேசுவது என்பதுதான் என் இரண்டாவது பயம்.

நகோயாவிலிருந்து 'ஹிடா' என்ற ரயில். ஏறி உட்கார்ந்தால் இருக்கை எல்லாம் பின்பக்கம் பார்த்திருக்கிறது. தப்பான ரயிலோ என்று இவர் டிக்கெட்டை மூன்று முறை பார்த்தார். இருபது நிமிஷம் முதுகுப் பக்கமாகவே போனது. கிஃபு என்ற ஸ்டேஷனில் நின்று, அங்கிருந்து எதிர்த்திசையில் கிளம்பியது. இப்போது எல்லோரும் முன்னால் பார்க்கிறோம். அந்த ஸ்டேஷனில் ரயில் திசை மாறும் என்று தெரிந்துதான் இருக்கையை அப்படித் திருப்பி வைத்திருக்கிறார்கள். இவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "பாத்தியா, யாரும் எந்திரிச்சு சீட்டைத் திருப்ப வேண்டாம்" என்றார். அதற்கப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆறு எங்கள் கூடவே வந்தது. ஒரு வளைவில் இடப்பக்கம் இருக்கும், பாலம் தாண்டினால் வலப்பக்கம். பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல் ஒரு நிறம். மலையில் இலை பழுத்துச் சிவந்துகொண்டிருந்தது. தக்கயாமாவில் கூட்டம் முழுவதும் இறங்கிவிட்டது. அடுத்த கால் மணி நேரம் அந்தப் பெட்டியில் ஐந்தாறு பேர்தான்.

ஹிடா நகரம் என்று பெயரே தவிர, நம் கணக்கில் அது நகரமே இல்லை. 2004 பிப்ரவரியில் ஃபுருகவா, கமியோக்கா என்ற இரண்டு சிற்றூர்களையும் கவாய், மியாகவா என்ற இரண்டு கிராமங்களையும் சேர்த்து நகரம் என்று ஆக்கியிருக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காடு. மிச்சத்தில் வயலும் வீடும். ஸ்டேஷனிலிருந்து தங்கும் இடத்துக்கு நடந்தே போனோம். வழியில் ஒரு மிதிவண்டி மட்டும் எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டி வந்த பெரியவர் மணி அடிக்காமல், எங்களுக்காக அவரே ஒதுங்கிப் போனார்.

அந்த ஊரைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது செட்டோகவாவைத்தான். ஆறு என்று பெயர், பார்த்தால் வாய்க்கால். ஒரு பக்கம் வெள்ளைச் சுவர் வைத்த பழைய கிடங்குகள், இன்னொரு பக்கம் கோயிலின் கல்மதில். நடுவே இடுப்பளவு ஆழம்கூட இல்லாத தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். அதில் கெண்டை மீன்கள், ஆயிரம் இருக்கும் என்கிறார்கள். ஆரஞ்சு, வெள்ளை, கறுப்பு, சில பொன்னிறம். ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். ஓட்டத்தை எதிர்த்து மெதுவாக வாலை அசைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். கரையோரமாக ஒரு நடைபாதை. அதன் அகலம் சரியாக இரண்டு பேர் நடக்கிற அகலம். முதல் நாள் இவர் வழக்கம்போல முன்னால் போய்விட்டார். பத்தடி போய் நின்றார், திரும்பிப் பார்த்தார், நான் வந்து சேரும்வரை காத்திருந்தார். "இங்க முன்னாடி போக அவசியம் இல்லைல்ல" என்றார்.

அந்த வாய்க்கால் வெட்டி நானூறு வருஷம் ஆகப்போகிறது. பக்கத்துக் கோட்டையின் அகழித் தண்ணீரைப் புதிதாகத் திருத்திய வயல்களுக்குக் கொண்டுபோக வெட்டியது. மீன் அவ்வளவு பழையது இல்லை. ஊர் வளர்ந்து, வீட்டுக் குப்பை எல்லாம் தண்ணீரில் விழுந்து, நம் ஊர் ராஜகாலுவே சாக்கடை மாதிரி அதுவும் ஆகிவிட்டிருந்தது. 1968-ல் ஊர்க்காரர்களே இறங்கிச் சுத்தம் செய்து கெண்டைகளை விட்டார்கள். மீன் நீந்துகிற தண்ணீரில் குப்பை போட யாருக்கும் கை வராது என்பதுதான் கணக்கு. கணக்கு பலித்திருக்கிறது. எனக்கு அதைக் கேட்டபோது ஆச்சரியத்தைவிட அழுகைதான் முட்டியது. ராஜகாலுவே ஓரமாக மூக்கைப் பொத்திக்கொண்டு முப்பது வருஷம் நடந்தவளுக்குத்தான் அது புரியும்.

அதே 1968-ல் தான் ஜப்பான் அரசு இத்தாய்-இத்தாய் என்ற நோய்க்குக் காரணம் கமியோக்கா சுரங்கத்திலிருந்து ஆற்றில் கலந்த காட்மியம் என்று ஒப்புக்கொண்டது. எலும்பு தானாக முறிகிற நோய். வலிக்குது வலிக்குது என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். கீழே ஜின்சு ஆற்றங்கரைப் பெண்கள் பல பேர் அப்படிக் கத்திக்கொண்டே கிடந்திருக்கிறார்கள். கமியோக்கா இன்று அதே ஹிடா நகரத்தின் ஒரு பகுதி. மலைக்கு அந்தப் பக்கம் அப்படி, இந்தப் பக்கம் ஒரு தெருக்காரர்கள் வாய்க்காலில் மீன் விடுகிறார்கள். அங்கே தண்ணீர் பிறவியிலேயே சுத்தமாக வந்துவிடவில்லை. யாரோ பட்டிருக்கிறார்கள், யாரோ இறங்கி வேலை செய்திருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் அந்த ஊரைப் புகழ்ந்தால் எனக்கு மனசு ஒப்பாது.

தங்கியது மரத்தால் கட்டிய பழைய விடுதி. நடத்தும் அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். மகன் கைப்பேசியில் எழுதிக் கொடுத்திருந்த குறிப்பைக் காட்டினோம். மாட்டுக்கறி வேண்டாம் என்று. ஹிடா மாட்டுக்கறிக்குப் பேர்போன இடம். அந்த அம்மா துளியும் முகம் சுளிக்கவில்லை. ராத்திரி டோஃபுவும் மலைக்கீரையும், உப்புத் தடவிக் குச்சியில் சுட்ட ஆற்றுமீனும், ஓர் அகலமான காய்ந்த இலையில் மிஸோவை வைத்துக் கரிச்சட்டியில் வாட்டியதும் வந்தன. அந்த இலை வாட்டுகிற வாசனை, அடுப்பில் வாழையிலைப் பொட்டலம் வைத்தாற்போல இருந்தது. சிவப்பு முள்ளங்கி மாதிரி ஒன்றை ஊறுகாய் போட்டிருந்தார்கள். ஹிடாவில் பனிக்காலம் முழுக்க அதுதானாம். நான் கொண்டுபோன பருப்புப்பொடியை அவருக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். சோற்றில் போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். பேச்சு இல்லாமலே இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது.

அவர் அடிக்கடி சொன்ன ஒரு சொல் 'யுக்குரி'. காலையில் செருப்பு மாட்டும்போது யுக்குரி. சாப்பிட உட்காரும்போது யுக்குரி. குளியல் தொட்டிக்குப் போகும்போது யுக்குரி. மெதுவாக, அவசரமில்லாமல் என்று மகன் அப்புறம் சொன்னான். எனக்கு அவன் சொல்லாமலே தெரிந்திருந்தது. அரூரில் என் பாட்டி யார் வீட்டுக்கு வந்தாலும் 'பையக் குந்து' என்பாள். அதே குரல்.

மறுநாள் இவர் வீடுகளின் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். இறவாரத்தைத் தாங்குகிற கட்டையின் நுனியில் சுருள்சுருளாக ஒரு செதுக்கல், வெள்ளை பூசியது. வீட்டுக்கு வீடு வேறு வடிவம். ஒவ்வொரு தச்சருக்கும் தனி வடிவமாம். பெயர்ப்பலகை இல்லாமலே யார் கட்டிய வீடு என்று ஊருக்குத் தெரியும். இதற்கு 'குமோ' என்று பெயர், மேகம். இன்னொரு வழக்கமும் உண்டு. சுற்றியிருக்கும் வீடுகளின் அளவை மீறி ஒரு வீட்டைத் துருத்திக்கொண்டு கட்டினால், ஊரின் அளவைக் குலைத்துவிட்டான் என்று பேசுவார்கள். யாரும் அப்படிப் பேர் வாங்க விரும்புவதில்லை. அதனால்தான் அந்தத் தெருவில் எந்த வீடும் பக்கத்து வீட்டின் வெயிலை மறைக்கவில்லை. எங்கள் வீட்டுக்குத் தெற்கே ஐந்து மாடிக்கு ஒரு விடுதி எழும்பிய நாளிலிருந்து என் துளசிக்கு வெயில் இல்லை. கட்டுவதற்கு எல்லாருக்கும் உரிமை உண்டுதான். ஆனாலும் பக்கத்து வீட்டின் வெயிலை நினைத்துக் கட்டிய கைகளை நான் அங்கே பார்த்துவிட்டேன். இனி அப்படிக் கட்ட முடியாது என்று என்னால் நினைக்க முடியாது.

அந்தத் தச்சர்களின் கதை பெரியது. அந்தக் காலத்தில் ஹிடா ஏழை நாடு. வரி கட்ட நெல்லும் இல்லை, துணியும் இல்லை. 718-ல் தொகுத்த யோரோ சட்டத்தில் அவர்களுக்கு ஒரு விலக்கு கொடுத்தார்கள். வரிக்குப் பதில் தச்சர்களை அனுப்புங்கள், சிற்றூருக்குப் பத்துப் பேர். அப்படித் தலைநகரத்துக்கு நடந்து போய்க் கோயிலும் அரண்மனையும் கட்டியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்கென்று ஒரு கூடம் வைத்திருக்கிறார்கள், ஹிடா தச்சர் பண்பாட்டுக் கூடம். கட்டடமே ஆணி இல்லாமல் கட்டியது.

அங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். இவர் டூல்ரூம் ஆள். ஐடிஐ முடித்துவிட்டு 1990-ல் பொம்மசந்திரா வந்தவர். மைக்ரான் கணக்கில் வேலை செய்த கை. கூடத்தில் மரப் பொருத்துகளை வந்தவர்களே கழற்றிப் பூட்டிப் பார்க்கலாம். இரண்டு மரத்துண்டு சேருகிற இடத்தை வெளியிலிருந்து பார்த்தால் எந்தப் பக்கத்திலிருந்தும் நுழைந்திருக்க முடியாது போலத் தெரியும். இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இழுத்தார், சாய்த்தார், காதருகே வைத்துத் தட்டிக் கேட்டார். பக்கத்தில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் நின்று பார்த்தான். இவர் கோணலாக ஓர் இழு இழுத்ததும் மரம் தானாக விட்டுக் கொடுத்தது. அப்போது இவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் நான் சொல்ல வந்தேன். வாயைத் திறந்து, தோள் குலுங்க, பக்கத்திலிருந்த பையனைப் பார்த்து ஒரு சிரிப்பு. கல்யாணமான புதிதில் பார்த்தது. ஷிப்ட் முடித்து வருகிறவரிடம் அது எந்த வருஷத்தில் நின்றுபோனது என்று நான் கவனிக்கவில்லை. பையனும் சிரித்தான். இருவரும் அடுத்ததைக் கழற்றினார்கள். நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மகன் கொடுத்த ஆரஞ்சை உரித்தபடி இவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே வரும்போது மூன்று குச்சிகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்கிற சிதோரி என்ற விளையாட்டுச் சாமானை வாங்கிக்கொண்டார். ஹிடாப் பக்கத்துப் பழைய விளையாட்டு. அதே பூட்டை வைத்து கெங்கோ குமா என்ற கட்டடக்கலைஞர் 2010-ல் ஒரு கட்டடமே கட்டியிருக்கிறாராம். இவருக்கு அந்தக் குச்சிகளே போதுமாக இருந்தன.

ஊரில் கையால் மெழுகுவத்தி செய்கிற ஒரு கடை உண்டு. ஏழு தலைமுறை, இருநூறு வருஷத்துக்கு மேலாக. மரக்கொட்டையிலிருந்து எடுக்கிற மெழுகு. காகிதத்தைச் சுற்றி அதன்மேல் கோரைத் தண்டின் சோற்றைச் சுற்றித் திரி செய்கிறார்கள். உருகிய மெழுகைக் கையாலேயே மறுபடி மறுபடி பூசிப் பருமனாக்குகிறார்கள். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று என்று இரண்டு நிறம். ஜனவரி 15-ம் தேதி ராத்திரி ஊரில் மூன்று கோயில்களுக்கு நடந்து போகிற ஒரு வழக்கம், மூன்று கோயில் யாத்திரை. வாய்க்கால் கரையில் பனியைக் கட்டிப் பெரிய மெழுகுவத்திகளாக நிறுத்துவார்கள். வேண்டுதல் இருந்தால் வெள்ளையை ஏற்றவேண்டும். பலித்தால் அடுத்த வருஷம் வந்து சிவப்பை ஏற்றவேண்டும்.

அந்த யாத்திரை நாள் ஜோடி சேருகிற நாளாகவும் ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் ஹிடாவின் பெண்பிள்ளைகள் மலையைத் தாண்டிச் சுவா ஏரிப் பக்கத்துப் பட்டு நூற்பாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். வழியில் நொமுகி கணவாய், 1,672 மீட்டர் உயரம். பனியில் நடந்தேதான் போனார்கள், வந்தார்கள். வருஷக் கடைசியில் ஊர் திரும்பியவர்கள் நல்ல கிமோனோ உடுத்தி அந்த மூன்று கோயில்களுக்கும் போவார்கள். இளவட்டங்கள் அங்கேதான் பெண் பார்த்தார்கள். கடையில் இதைப் படம் காட்டி விளக்கினார்கள். எனக்குக் காலை ஆறரை மணி ஹெப்பகோடி வந்து முன்னால் நின்றது. டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கார்மெண்ட்ஸ் வேன் ஏறுகிற பெண்கள். எங்கள் தெருவில் குடியிருந்த ஒருத்தி கிருஷ்ணகிரிப் பக்கம், இன்னொருத்தி ராய்ச்சூர். 2016 ஏப்ரலில், பி.எஃப். பணம் முழுவதையும் எடுக்க விடாத புது விதியை எதிர்த்து, சங்கம் கூட இல்லாமல் ஆயிரக்கணக்கான அந்தப் பெண்கள் ஓசூர் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஹெப்பகோடி போலீஸ் ஸ்டேஷன் முன்னால் வண்டிகள் எரிந்தன. 19-ம் தேதி அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. அவர்களும் எந்தக் கணவாயைத் தாண்டி இங்கே வந்தார்களோ. அவர்கள் நல்ல புடவை கட்டிக்கொண்டு போக மூன்று கோயில் யாராவது வைத்திருக்கிறார்களா என்று அங்கே நின்று யோசித்தேன்.

அதே ஏப்ரல் 19-ம் தேதி ராத்திரிதான் ஃபுருகவாவில் ஆண்டுதோறும் பெரிய முரசுத் திருவிழா. மேலே சட்டை இல்லாத ஆண்கள் ஒரு பெரிய முரசைச் சட்டத்தில் கட்டித் தூக்கி வருவார்கள், தெருத் தெருவாகச் சின்ன முரசுக்காரர்கள் பாய்ந்து பின்னால் வந்து முட்டுவார்கள். நாங்கள் போன மாதத்தில் அது இல்லை. விழாக் கூடத்தில் தேர்களை மட்டும் பார்த்தோம். தங்கத் தகடு போட்ட மூன்று தேர். இவர் மெதுவாக "நம்ம ஹுஸ்கூர் குர்ஜு மாதிரி" என்றார். ஹெப்பகோடிக்குப் பக்கத்து ஹுஸ்கூர் மத்தூரம்மா ஜாத்திரைக்குச் சுற்று ஊர்களிலிருந்து இழுத்து வருகிற தேர்கள் நூறடிக்கு மேல் இருக்கும். சொல்லிவிட்டு இவர் அமைதியாகிவிட்டார். ஏன் என்று ராத்திரிதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி. பாய் மேல் இரண்டு மெத்தை பக்கத்தில் பக்கத்தில் விரித்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். எங்கள் வீட்டில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் லாரி சத்தம் இருக்கும். அது இருக்கிறவரை பேசாமல் இருப்பது தெரிவதில்லை. இங்கே தெரிந்தது. ரொம்ப நேரம் கழித்து இவர் இருட்டைப் பார்த்துச் சொன்னார்.

"2009-ல மூணு மாசம் எனக்கு வேலை இல்ல. உனக்குச் சொல்லல."

நான் அசையவில்லை.

"ஆர்டர் இல்லைன்னு நிறுத்திட்டாங்க. தினம் நீ டிபன் கட்டிக் கொடுத்ததை எடுத்துக்கிட்டு ஹுஸ்கூர் கோயிலுக்குப் போயிடுவேன். அஞ்சு மணி வரைக்கும் அங்கதான். ஒரு பூக்காரம்மா இருப்பாங்க, பாதி சாப்பாடு அவங்களுக்கு. சம்பளம்னு உன் கையில கொடுத்தது கடன் வாங்கினது."

அந்த மூன்று மாசத்தை நான் ஒவ்வொரு நாளாக மனசுக்குள் எடுத்துப் பார்த்தேன். மகனுக்கு அப்போது பதிமூன்று வயது. எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், தக்காளிச் சாதம் என்று நான் மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறேன். "ஒரு நாள் டிபனை அப்படியே திருப்பிக் கொண்டாந்தீங்க. நான் சண்டை போட்டேன்" என்றேன்.

"ஆமா."

"அன்னைக்கு என்ன ஆச்சு?"

"பூக்காரம்மா வரல. தனியா சாப்பிடப் பிடிக்கல."

பக்கத்து மெத்தையில் கையை நீட்டினேன். இவர் கை வெளியேதான் இருந்தது. குளிர்ந்துபோய். எப்போது தூங்கினோம் தெரியாது. காலையில் எழுந்தபோது மலையடிவாரம் முழுக்கப் பனிமூட்டம், எதிர்வீட்டுச் சீமைப்பனிச்சை மரத்தில் பழம் மட்டும் விளக்கு மாதிரித் தெரிந்தது. நாங்கள் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. செட்டோகவா கரையில் மூன்று சுற்று நடந்தோம். பெட்டியில் காசைப் போட்டு மீன் தீனி எடுத்து இவர் பாதியை என் உள்ளங்கையில் கொட்டினார்.

கிளம்பும்போது விடுதி அம்மா வாசலில் நின்று குனிந்தார். தெருமுனை திரும்புகிறவரை நாங்கள் மூன்று முறை திரும்பிப் பார்த்தோம், மூன்று முறையும் நின்றுகொண்டிருந்தார். அவர் மகளும் நகோயாவில்தான் இருக்கிறாளாம். என் மகனும் நகோயாவில். அந்த ஊரின் அமைதியில் பாதி, பிள்ளைகள் போய்விட்ட அமைதி. இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள் போலத்தான் எனக்குப் பட்டது. எங்கள் தெருவில் விளக்கு வைக்கும் நேரத்தில் பத்துப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடி என் ஜன்னலை உடைக்கிறார்கள். ஒரியாவும் இந்தியும் கன்னடமும் தமிழும் கலந்து கத்துகிறார்கள். அந்த அம்மா அந்தச் சத்தத்துக்கு என்ன விலை வேண்டுமானாலும் கொடுப்பார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏங்குகிறேன்.

திரும்பி வந்த அடுத்த கோடையில், 2024 மார்ச்சில், பெங்களூருக்கே தண்ணீர் இல்லாமல் போனது. எங்கள் போர்வெல்லில் காற்று வந்தது. டேங்கர்காரர் ஃபோனை எடுக்கவில்லை. பக்கெட்டை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும்போது வாசலுக்கு வாசல் ஓடிக்கொண்டிருந்த அந்தத் தண்ணீர் கண்ணில் வந்து நின்றது. அந்த ஊரில் பனிக்காலத்தில் தெருவில் வாரிய பனியையும் வாய்க்காலில்தான் தள்ளுவார்களாம், தண்ணீர் கொண்டுபோய்விடும்.

ஹெப்பகோடி ஏரி இப்போது முன்னைப் போல இல்லை என்பதையும் சொல்லவேண்டும். நுரையும் நாற்றமுமாகக் கிடந்த ஏரியைப் பயோகான் அறக்கட்டளை எடுத்துப் புதுப்பித்தது. தண்ணீரைச் சுத்தம் செய்யச் செடி வைத்த மிதவைகளை விட்டார்கள், நடைபாதை போட்டார்கள். இவருக்கு முட்டி வலி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போகிறோம். அங்கே இரண்டு பேர் நடக்கிற அகலம் இருக்கிறது. பழக்கத்தில் இவர் முன்னால் போய்விடுவார். அப்புறம் நின்று, திரும்பிப் பார்த்து, காத்திருப்பார். 2025 ஆகஸ்டில் மெட்ரோவும் வந்துவிட்டது. பயோகான் ஹெப்பகோடி ஸ்டேஷனில் ஏறி ஆர்.வி. ரோடு வரை போய், இறங்காமல் திரும்பி வந்தோம் ஒரு நாள். போகும்போது நின்றுகொண்டு. வரும்போது பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்தது.

ஹுஸ்கூர்ப் பக்கம் போனால் நான் பூக்கடைகளைப் பார்க்கிறேன். 2025 மார்ச் ஜாத்திரையில் தேர் சாய்ந்து உயிர் போன செய்தி வந்த அன்று ராத்திரி இவர் சாப்பிடவில்லை. "அந்தம்மா இப்ப இருப்பாங்களா" என்று மட்டும் கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. 2009-லேயே எனக்குத் தெரிந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

சிதோரி டிவி மேலே இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் வறட்சியில் மரம் சுருங்கிப் பூட்டு ஆடுகிறது. ஜூனில் மழை பிடித்ததும் இறுகிவிடுகிறது. விருந்தாளி வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவிழ்க்கத் தெரியாமல் கொண்டுவந்து கொடுப்பார்கள், இவர் ஒரே இழுப்பில் அவிழ்ப்பார். சிரிப்பார், ஆனால் அந்தக் கூடத்தில் சிரித்த சிரிப்பு இல்லை. மெழுகுவத்தி ஒன்று வாங்கி வந்தோம், வெள்ளை. பூஜை அலமாரியில் காகிதம் சுற்றியபடி இருக்கிறது. கரண்ட் போகும்போதெல்லாம் அதை எடுக்கட்டுமா என்று கேட்பார், நான் வேண்டாம் என்பேன். ஏற்றினால் சிவப்பு வாங்கப் போகவேண்டுமே.

செட்டோகவாவில் மீன்கள் வருஷம் முழுக்க இருப்பதில்லை. நவம்பர் கடைசியில் பனி விழுவதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் கூடி, ஒன்று விடாமல் பிடித்துக் குளிர்காலக் குளத்துக்குக் கொண்டுபோவார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். விடுதி அம்மா எங்களுக்குக் கையால் வலை வீசிக் காட்டி இதைச் சொன்னார். நேற்று நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஹெப்பகோடியில் குளிர் தொடங்கிவிட்டது, குழாய்த் தண்ணீர் விரலைக் கடித்தது. இவர் சமையலறை வாசலில் வந்து நின்று காலண்டரைப் பார்த்தார்.

"இந்நேரம் மாத்தியிருப்பாங்க" என்றார்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்றேன்.